யாரைக் கேட்டார்கள்? குடும்ப நாவல்களும் நம் வகுப்பறையும்

சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் 'கூட்டுக் குடும்பத்தின் நன்மைகள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். வந்து சேர்ந்த நோட்டுகளில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன. 'மேலைநாடுகளில் பதினெட்டு வயதானால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே தனிமனிதன்தான் முக்கியம், இங்கே குடும்பம்தான் முக்கியம்' என்ற கருத்து ஏறக்குறைய எல்லா நோட்டிலும் இருந்தது. மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் அப்படிச் சொன்னவள் நான்தான்.

ஒரு மாணவியின் நோட்டு மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. "எங்கள் வீட்டில் தாத்தா சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். அதனால் சண்டை வராது. என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றதும் தாத்தா சொன்னதால்தான். இது நன்மையில் வருமா என்று தெரியவில்லை மிஸ்" என்று எழுதியிருந்தாள்.

இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். பத்துக்கு ஏழு மதிப்பெண் போட்டேன். அந்தக் கடைசி வரிக்கு அருகில் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் நோட்டை மூடிவிட்டேன்.

நான் குடியிருப்பது ஐயப்பன்தாங்கலில். பேருந்து பணிமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா வகைக் குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், வட மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து வாடகைக்குத் தங்கியவர்கள், அடுக்ககங்களில் கணவன், மனைவி, ஒரு குழந்தை என்று வாழ்பவர்கள், மெட்ரோ கட்டுமானத்துக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் என்று பலர். பூந்தமல்லி சாலையில் தினமும் பேருந்தில் போய்வரும்போது இத்தனை விதமான குடும்பங்களைப் பார்த்தும், வகுப்பில் மட்டும் 'கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம்' என்று இரண்டே பெட்டிகளில் அடைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் தேடித்தான் அரையாண்டு விடுமுறையில் சில குடும்ப நாவல்களைப் படித்தேன். சீனம், ஜெர்மன் இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். தமிழில் முன்பே படித்த இரண்டை மறுபடி எடுத்தேன். 'கிழக்கே குடும்பம், மேற்கே தனிமனிதன்' என்று நான் சொல்லி வந்தது எவ்வளவு மேலோட்டமானது என்பதை அவை எனக்குக் காட்டின. அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பா ஜினின் 'குடும்பம்'

சீன எழுத்தாளர் பா ஜின் 1904இல் சிச்சுவான் மாகாணத்தின் செங்டு நகரில், நான்கு தலைமுறைகள் ஒரே வளாகத்தில் வாழ்ந்த பெரிய வீட்டில் பிறந்தவர். அவருடைய 'குடும்பம்' நாவல் 1931இல் ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1933இல் நூலாயிற்று. செங்டுவில் வாழும் காவ் குடும்பத்தின் கதை அது. வீட்டின் தலைவர் தாத்தா. அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. பெற்றோருக்கும் முன்னோருக்கும் பணிந்து நடப்பதைச் சீனர்கள் 'சியாவ்' என்பார்கள். கன்பூசியஸ் காலந்தொட்டுச் சீனக் குடும்பத்தின் அடித்தளம் அதுதான்.

கதையின் நடுவில் மூன்று சகோதரர்கள் இருக்கிறார்கள். மூத்தவன் ஜுவேஷின் வகுப்பில் முதல் மாணவன். வேதியியல் படிக்க வேண்டும், ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று கனவு காண்கிறான். அவன் மனத்தில் உறவுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தை அவனுக்குப் பெண் பார்க்கிறார். இரண்டு இடங்கள் வருகின்றன. எதைத் தேர்வது என்று தெரியாமல், பெயர்களைச் சீட்டில் எழுதி, முன்னோர் முன்னிலையில் ஒன்றை எடுக்கிறார். நம் ஊரில் கோயிலில் திருவுளச்சீட்டு போட்டுப் பார்ப்பதைப் போல. சீட்டில் வந்த பெண்ணோடு திருமணம் நடக்கிறது. படிப்பு நின்று, அலுவலக வேலை தொடங்குகிறது. மகனுக்கு விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இந்த நாவல் பணிவைப் போற்றும் நாவல் அல்ல. அந்தப் பணிவு எத்தனை பேரைத் தின்றது என்று கணக்குப் பார்க்கும் நாவல். வீட்டுப் பணிப்பெண் மிங்ஃபெங்கைத் தன் வயதான நண்பருக்கு ஆசைநாயகியாகக் கொடுக்கத் தாத்தா முடிவெடுக்கிறார். அந்தப் பெண் தோட்டத்து ஏரியில் விழுந்து உயிரை விடுகிறாள். தாத்தா இறந்த பிறகு, வீட்டில் சவப்பெட்டி இருக்கும்போது பிரசவம் நடந்தால் தீட்டு என்று சொல்லி, ஜுவேஷினின் மனைவியை நகருக்கு வெளியே அனுப்புகிறார்கள். அங்கே பிரசவத்தில் அவள் இறக்கிறாள். கடைசியில் இளையவன் ஜுவேஹுய் வீட்டை விட்டு ஷாங்காய்க்குக் கிளம்புகிறான். அவன் போவதற்கு ரகசியமாக உதவுபவன், எதையும் எதிர்க்கத் தெரியாத அந்த மூத்த அண்ணன்தான்.

பா ஜின் தன் சொந்த அண்ணனை மனத்தில் வைத்தே ஜுவேஷினைப் படைத்தார். தொடர் வெளிவரத் தொடங்கிய அந்த 1931ஆம் ஆண்டிலேயே அண்ணன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்பி எழுதிய நாவலை அவர் படிக்கவே இல்லை.

தாமஸ் மன்னின் 'புடன்புரோக்ஸ்'

அடுத்து மேற்கே போனேன். தனிமனித சுதந்திரம்தான் அங்கே எல்லாம் என்று நினைத்திருந்த எனக்கு, தாமஸ் மன் 1901இல் வெளியிட்ட 'புடன்புரோக்ஸ்' பெரிய வியப்பாக இருந்தது. அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைக்க முதன்மைக் காரணமாக இருந்த நாவல் இது. வட ஜெர்மனியின் லூபெக் துறைமுக நகரில் தானிய வணிகம் செய்யும் ஒரு குடும்பம், நான்கு தலைமுறைகளில் செழிப்பிலிருந்து சரிவுக்கு வருவதைச் சொல்கிறது.

அந்த வீட்டில் பரம்பரைக் குறிப்பேடு ஒன்று உண்டு. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில் பதிவாகும். வீட்டு மகள் டோனி கடற்கரையில் சந்தித்த மருத்துவ மாணவன் ஒருவனை விரும்புகிறாள். தந்தையோ, கிரூன்லிக் என்ற வணிகரை அவள் மணக்க வேண்டும் என்கிறார். நாம் எல்லாரும் சங்கிலியில் கோத்த கண்ணிகள், தனித்தனி ஆட்கள் அல்ல என்ற பொருளில் மகளுக்குக் கடிதம் எழுதுகிறார். இதை நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதியதாகச் சொன்னாலும் நம்பிவிடலாம். டோனி ஒருநாள் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். முன்னோர் பெயர்களைப் பார்த்ததும் மனம் பொங்கி, தன் நிச்சயதார்த்தச் செய்தியைத் தன் கையாலேயே அதில் எழுதிவிடுகிறாள்.

அந்த மாப்பிள்ளை பொய்க் கணக்குக் காட்டிச் சீதனத்துக்காக வந்த கடனாளி என்பது பின்னால் தெரிகிறது. அப்போதுதான் தந்தை மகளிடம் வந்து, அவன்மீது அவளுக்கு அன்பு இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். தன் தவற்றை ஒப்புக்கொண்டு அவளை வீட்டுக்கு அழைத்து வருகிறார். திருமணத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

டோனியின் அண்ணன் தாமஸும் தான் விரும்பிய பூக்கடைப் பெண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்துக்குப் பொருத்தமான திருமணம் செய்துகொள்கிறான். அவனுடைய மகன் ஹன்னோ நோஞ்சான் பிள்ளை. இசையில் மட்டும் நாட்டம். ஒருநாள் அந்தப் பரம்பரைக் குறிப்பேட்டை எடுத்து, தன் பெயருக்குக் கீழே அடிக்கோலை வைத்து இரண்டு கோடுகள் போட்டுவிடுகிறான். தந்தை கோபத்தோடு கேட்டபோது, இதற்குமேல் எதுவும் வராது என்று நினைத்தேன் என்கிறான். அவன் சொன்னபடிதான் ஆகிறது. டைபாய்டு காய்ச்சலில் ஹன்னோ இறந்துபோக, அந்த வம்சம் அவனோடு முடிகிறது.

நம் பக்கம்

தமிழில் தலைமுறைக் கதை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்'. 1968இல் வெளிவந்தது. குமரி மாவட்டத்து இரணியலில் வாழும் செட்டியார் சமூகக் குடும்பம் ஒன்றை, அவர்களுடைய பேச்சுமொழியிலேயே சொல்கிறது. சடங்குகள், சீர்வரிசை, பாட்டி உண்ணாமலை ஆச்சியின் கதைகள் எல்லாம் திரவி என்ற பையனின் கண்வழியே விரிகின்றன. அவனுடைய உடன்பிறந்தவள் நாகம்மையின் திருமண வாழ்வு, கணவன் சுமத்தும் ஒரு பழியால் முறிகிறது. அவளிடம் குறையிருக்கிறது என்று அவன் சொன்னதும் ஊர் அதை ஏற்றுக்கொள்கிறது. அது உண்மையா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவள் வாழ்வை மீட்க வேண்டும் என்று படித்த திரவி முயலும்போது, வீட்டுக்குள் இருக்கும் எதிர்ப்பைவிட, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சமே பெரிய சுவராக நிற்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு குடும்பத்தைக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) காட்டுகிறது. ஆட்சியாளன் ஒருவன் கண் வைத்த சென்னாதேவி என்ற பெண்ணைக் காப்பாற்ற, ஒரு குடும்பமே நிலம், வீடு, கால்நடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே நடக்கிறது. அந்தக் கதையை 137 வயது மங்கத்தாயாரு அம்மாள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். மற்ற நாவல்களில் வீட்டுக்காக ஒருத்தி விட்டுக்கொடுக்கிறாள். இங்கே ஒருத்திக்காக வீடே விட்டுக்கொடுக்கிறது. குடும்பம் என்றாலே நசுக்குவது என்று நாம் முடிவு கட்டிவிடாமல் இருக்க, இந்த நாவலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எது வேறு, எது ஒன்று?

ஒரு நாவலை வைத்து ஒரு நாட்டையே அளந்துவிட முடியாது. ஆனாலும் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

குடும்பத்துக்காகத் தன்னை விட்டுக்கொடுக்கச் சொல்வது கிழக்குக்கு மட்டும் உரியதல்ல. செங்டுவிலும் லூபெக்கிலும் இரணியலிலும் அது நடக்கிறது. யாருடைய பெயரால் கேட்கிறார்கள் என்பதுதான் வேறுபடுகிறது. சீன வீட்டில் முன்னோர், மூத்தோர் பெயரால். ஜெர்மன் வீட்டில் நிறுவனம், அதன் நற்பெயர் என்பவற்றின் பெயரால். நம் வீட்டில் ஊர், உறவு, சாதிசனம் ஆகியவற்றின் பெயரால். 'நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது?' என்பது நம் ஊரின் வசனம்.

விட்டுக்கொடுப்பவர் யார் என்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. வீட்டின் மூத்த பிள்ளை, வீட்டுப் பெண், வீட்டை அண்டி வாழும் ஏழை. முடிவெடுப்பவர் இவர்களில் ஒருவராக இருப்பதில்லை.

வேறொன்றும் கண்ணில் பட்டது. இந்தக் கதைகளில் பெரியவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். டோனியின் தந்தை கடைசியில் மகளைக் கேட்கிறார். காவ் தாத்தாவும் சாகும் தறுவாயில், தன் நடுப் பேரன் ஜுவேமின் மறுத்து ஓடிப்போன திருமணப் பேச்சைக் கைவிடச் சொல்கிறார். இருவருக்கும் மனம் இருந்தது. கேட்கும் வழக்கம்தான் இருக்கவில்லை.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். நான் பி.எட். படித்த ஆண்டில் என் அண்ணன் பாலிடெக்னிக் படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் என் கட்டணம் கட்டப்பட்டது. 'தங்கச்சிக்காக விட்டுக்கொடுத்தான்' என்று உறவினர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஜுவேஷின் தம்பிக்கு வழிச்செலவுக்கு உதவும் பக்கங்களைப் படித்த இரவு அண்ணனுக்குப் போன் செய்து, "அன்னைக்கு அப்பா உன்கிட்ட கேட்டாரா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கல" என்றார்.

விட்டுக்கொடுத்தல் நல்ல பண்புதான். அதனால் படித்து ஆசிரியராக நிற்பவள் நான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்டபின் கொடுத்தால்தான் அது கொடை. கேட்காமல் எடுத்துக்கொண்டதை நாம் பின்னால் தியாகம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறோம். குடும்பப் பண்புகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, பணிவு, பொறுமை, ஒற்றுமை ஆகியவற்றோடு 'கேட்பது' என்பதையும் ஒரு பண்பாக நாம் சேர்க்க வேண்டும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நாவல் முழுவதையும் மாணவர்கள் படிக்க வேண்டியதில்லை. ஜுவேஷினுக்குச் சீட்டுப் போட்ட நிகழ்ச்சியையும் டோனி குறிப்பேட்டில் எழுதிய நிகழ்ச்சியையும் பத்து நிமிடக் கதையாகச் சொன்னால் போதும். பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன். இந்தக் கதையில் யார் எதை விட்டுக்கொடுத்தார்? யாருடைய பெயரால் அது கேட்கப்பட்டது? அவரிடம் கேட்டார்களா? பாடநூலில் வரும் குடும்பக் கதைகளுக்கும் புராணக் கதைகளுக்கும்கூட இந்தக் கேள்விகள் பொருந்தும்.

ஒரு கவனம் தேவை. மாணவர்கள் தங்கள் வீட்டு நிலைமையை வகுப்பின் முன் சொல்லும்படி கேட்கக் கூடாது. அது அவர்களுக்குச் சங்கடத்தையும், சில வேளை வீட்டில் சிக்கலையும் தரும். கதை மாந்தரைப் பற்றிப் பேசும்போது அந்த ஆபத்து இல்லை. செங்டு வெகு தொலைவில் இருப்பதாலேயே பிள்ளைகள் தயங்காமல் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போது யார் திடீரென்று மௌனமாகிறார் என்பதை மட்டும் நாம் கவனித்துக்கொண்டால் போதும். அவரோடு பிறகு தனியாகப் பேசலாம்.

தொடக்க வகுப்புகளில் 'குடும்ப மரம்' வரையச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். பாட்டியோடு மட்டும் வளரும் பிள்ளை, விடுதியில் தங்கும் பிள்ளை, ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளை எல்லாரும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று கட்டங்களை நாமே போட்டுக் கொடுத்தால், அவர்கள் தாளில் வெற்றுக் கட்டங்கள் மிஞ்சும். 'உன்னைப் பார்த்துக்கொள்கிறவர்களை வரை' என்று சொன்னால் எல்லாத் தாளும் நிறையும்.

இந்த ஆண்டு கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டேன். 'ஜுவேஷினுக்கு ஒரு கடிதம்' எழுதச் சொன்னேன். எப்போதும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து நான்கு வரிக்கு மேல் எழுதாத ஒரு மாணவன், "அண்ணா, உங்கள் அப்பா சீட்டு எடுக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நான் இருந்தால் சீட்டில் உங்கள் படிப்பையும் எழுதிப் போட்டிருப்பேன்" என்று எழுதியிருந்தான்.

அந்த நோட்டு

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். தாத்தா மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மூத்த பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்ததும், "படிக்க வேணாம்னு நான் சொல்லலம்மா. ரெண்டு பஸ் மாறிப் போவணும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா சொந்தபந்தத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். நாகம்மையின் ஊர் அந்தத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது.

நான் வாதாடவில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியர் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் அவர். அதைப் பற்றி 1936இல் நாவலே எழுதியவர். பா ஜினின் 'குடும்பம்' நூலாகி மூன்றே ஆண்டுகளில், நம் மண்ணில் ஒரு பெண் அதே போன்ற கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

பிறகு கதவருகே நின்றிருந்த பெரிய பேத்தியைப் பார்த்து, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்டேன். அவள் தாத்தாவைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். "பி.காம். படிக்கணும் மிஸ். என்னை யாரும் கேக்கல" என்றாள்.

தாத்தா கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "நீயும் சொல்லலியேம்மா" என்றார்.

அன்று அதற்கு மேல் எதுவும் முடிவாகவில்லை. மே மாதம் அரசுக் கலைக் கல்லூரிக்கு இணையவழியில் விண்ணப்பம் போட்டிருப்பதாகத் தங்கை வந்து சொன்னாள். விண்ணப்பம் போடத் தாத்தாதான் கூட வந்தாராம். தரவரிசைப் பட்டியலுக்குக் காத்திருக்கிறார்கள். இடம் கிடைக்குமா, அந்த இரண்டு பேருந்துகளில் அவள் ஏறுவாளா என்பது இந்தக் கட்டுரை எழுதும் நாளில் எனக்குத் தெரியாது.

பழைய கட்டுரை நோட்டைத் தங்கையிடம் கேட்டு வாங்கினேன். அந்தக் கடைசி வரிக்கு அருகில், ஓராண்டு தாமதமாக, "நல்ல கேள்வி. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.